கண்டியை எந்தத் தெருவில் தொடங்கி நடப்பது?

மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து இப்போது கொழும்பில் வேலை செய்யும் நீங்கள், அம்மாவோடு மூன்று நாள் கண்டியில் தங்கப் போவதாகவும், தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பாடசாலைச் சுற்றுலாவிலேயே பார்த்துவிட்டதால் இந்த முறை தெருக்களையும் குடியிருப்புகளையும் நடந்து பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தெரு, எந்தப் பகுதி என்பது உங்கள் கேள்வி. ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. முப்பது வருடம் கொழுந்தெடுத்த அம்மாவுக்குக் கண்டி என்றால் பெரியாஸ்பத்திரியும் பஸ் மாறுகிற இடமும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மில் பலருக்கும் அப்படித்தான். நம் முன்னோர் மலைநாடு முழுவதையும் ‘கண்டிச்சீமை’ என்று சொன்னார்கள். அந்தச் சீமைக்குப் பெயர் கொடுத்த ஊரிலோ நாம் சீட்டெடுத்து இறங்கி, இன்னொரு சீட்டெடுத்து ஏறிப் போய்விடுகிறோம். இந்த ஊரோடு நமக்கு அதற்கு மேல் உறவு ஏதும் உண்டா, அதைக் காலால் நடந்து காண முடியுமா என்பதே நீங்கள் கேட்பது. உண்டு, காணவும் முடியும்.

எந்தத் தகுதியில் பதில் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். நில அளவையாளனாக 28 ஆண்டுகள் வேலை செய்தேன். அவற்றில் பெரும் பகுதி கண்டி நகரிலும் அதைச் சுற்றிய சரிவுகளிலும் கழிந்தது. ஒரு காணியின் எல்லையைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தெருவின் பழைய பெயர் தெரிந்திருக்க வேண்டும், மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும், அயலில் மூன்று தலைமுறையாக வாழும் ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்த வேலை தந்த அறிவையே இங்கே தருகிறேன். வரலாறு நான் முறையாகக் கற்ற துறை அல்ல. ஆகவே பதிவில் உறுதியாக உள்ளதை உறுதியாகவும், ஊர் வாயில் வழங்குவதைக் கதையாகவும், நானாக ஊகிப்பதை ஊகமாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

மலைநாட்டு நகரம் எதிலும் நான் முதலில் தேடுவது சமதரையை. தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களமானாலும் தொழிற்சாலை முற்றமானாலும், யாரோ வெட்டியோ நிரப்பியோ உண்டாக்கிய சமதரைதான் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். கண்டியும் அப்படிப்பட்டதே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் குன்றுகள் நிற்க, நடுவில் குழிந்து கிடக்கிறது நகரம். குழியின் அடியில் இன்று தட்டையாகத் தெரியும் நிலத்தில் பெரும் பகுதி ஒரு காலத்தில் வயலாகவோ நீராகவோ இருந்தது. ஏரி இருக்கும் இடம் வயல். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அணை கட்டி அதை ஏரியாக்கினான். சந்தைக்கும் புகையிரத நிலையத்துக்கும் அண்மையிலுள்ள போகம்பறையில் வேறொரு குளம் இருந்தது. அரசனுக்கு எதிராகத் திரும்பிய எஹலப்பொல அதிகாரியின் மனைவியை 1814இல் மூழ்கடித்துக் கொன்றது அந்தக் குளத்தில்தான். பிற்காலத்தில் அது நிரப்பப்பட்டது. அடைமழைக்குப் புகையிரத நிலையத்தைச் சுற்றி வெள்ளம் கட்டும்போதெல்லாம், பழைய குளம் தன் இடத்தைத் தேடி வருகிறது என்று எங்கள் அலுவலகத்து மூத்தவர் ஒருவர் சொல்வார். ஏரியின் மிகைநீரை ஏந்தும் மெத எல என்ற கால்வாய் இதே தாழ்நிலத்தின் வழியாகச் சென்று கெட்டம்பேயில் மகாவலியோடு சேர்கிறது. சில இடங்களில் அதன் நாற்றம் நடப்பவரை விரட்டும் என்றாலும், பாலங்களில் நின்று அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டால் நகரத்தின் சரிவு முழுவதும் மனதில் பதிந்துவிடும். அம்மா பஸ் மாறிய குட்ஷெட் பகுதியும் இந்தத் தட்டை நிலத்தில் இருப்பதுதான். புதிய போக்குவரத்து நிலையம் கட்டும் வேலை காரணமாக அங்கே பஸ் நிற்கும் இடங்கள் மாறியிருக்கின்றன. புறப்படும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தட்டை நிலத்திலிருந்து சற்று வடக்கே ஏறினால், நேர்கோடாக ஓடி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் தெருக்கள் வருகின்றன. தலதா வீதி, யட்டிநுவர வீதி, ராஜ வீதி, திருகோணமலை வீதி ஆகியவை எசல பெரஹெர ஊர்வலம் போகும் வீதிகள். மலைப்பாதை வளைந்துதான் போகும் என்று பழகிய நமக்கு இந்த நேர்கோடுகள் வியப்பைத் தரும். அரசர் காலத்து அமைப்பு அது. 1815இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் பெயர்களை மாற்றினார்களே தவிர, கோடுகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் பெயர்கள் மறுபடி மாறின. ஆகவே ஒரே தெருவுக்கு இரண்டு பெயர் வழங்குவதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். திருகோணமலை வீதி இன்று டி. எஸ். சேனநாயக்க வீதி, கொழும்பு வீதி பெனட் சொய்சா வீதி, பழையவர்கள் காசல் வீதி என்று சொல்வது கொட்டுகொடெல்ல வீதி. வயதானவரிடம் வழி கேட்டால் பழைய பெயரையும், முச்சக்கரவண்டி ஓட்டும் இளைஞரிடம் கேட்டால் புதிய பெயரையும் சொல்லுங்கள்.

இந்தப் பகுதியில் தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள, தேவாலயம் எனப்படும் தெய்வக் கோயில்களை ஒட்டி ஒரு காலை வேளை மெதுவாக நடக்கச் சொல்வேன். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாத தேவாலயம் இன்று நிற்கும் கண்டிக் கட்டடங்களில் மிகப் பழையது. பக்கத்தில் பத்தினி தேவாலயம். பத்தினி என்பது நம் கண்ணகியே. இரண்டுக்கும் அண்டையில் 1840களில் கட்டிய செங்கல் கிறிஸ்தவக் கோயிலான புனித பவுல் ஆலயம் நிற்கிறது. கதிர்காமத் தேவாலயம் மட்டும் சற்று விலகி, கொட்டுகொடெல்ல வீதிக் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் இடையில் திடீரென்று வாசல் தெரியும். உள்ளே போனால் முருகன் சந்நிதியின் அமைதி. தெருவின் சத்தம் அவ்வளவு விரைவில் அடங்கிப்போவதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

காசல் வீதியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 1983 ஜூலை 26ஆம் திகதி பேராதனை வீதியில் தொடங்கிய தீ, காசல் வீதிக்கும் கொழும்பு வீதிக்கும் பரவித் தமிழர் கடைகளை அழித்தது. இன்று அங்கே கடைகளின் வரிசையைப் பார்த்தால் இது நடந்த இடம் என்று தெரியாது. நினைவுக்கல் எதையும் நான் பார்த்ததில்லை. மேல்மாடிகளை அண்ணாந்து பாருங்கள். ஒரே வரிசையில் ஒன்று பழைய ஓடும் மரச் சாளரமுமாக இருக்கும், அடுத்தது முழுக்கச் சீமெந்தாக இருக்கும். அந்த வேறுபாட்டுக்கு வணிகப் போட்டி, வாடகை, தீ என்று பல காரணங்கள் இருக்கலாம். எந்தக் கட்டடத்துக்கு எது காரணம் என்பதை வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்மானித்துவிட வேண்டாம்.

மாளிகையைத் தாண்டிக் கிழக்கே மலபார் வீதி இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் எவரும் இதைத் தேடிப் போவதில்லை. பார்ப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் என் பட்டியலில் இது இரண்டாவது இடத்தில் இருக்கிறது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நான்கு அரசர்களும் மதுரைப் பக்கத்திலிருந்து பெண் கொடுத்து வந்த நாயக்கர் குலத்தவர். தெலுங்கு மரபினர், தமிழிலும் புழங்கியவர்கள். அவர்களுடைய உறவினர் குடியிருந்த தெரு இது. தமிழரையும் தென்னிந்தியரையும் ‘மலபார்’ என்று பொதுவாக அழைப்பது ஐரோப்பியர் வழக்கமாக இருந்ததால், அந்தப் பெயர் தெருவுக்கு நிலைத்துவிட்டது. கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட கடைசி அரசன் 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அவனுடைய சுற்றத்தாரில் பலரும் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். இவை பதிவில் உள்ளவை. ஏரியின் நடுவிலுள்ள தீவில் அரசனின் அந்தப்புரம் இருந்தது, அங்கே போக நிலத்தடிச் சுரங்கம் இருந்தது என்பவற்றையெல்லாம் வழிகாட்டிகள் சொல்வார்கள். அவற்றைக் கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பைரவகந்தையில் கன்னிப்பெண்ணைப் பலி கொடுக்க முயன்ற கதையும் அப்படியே. பைரவகந்தை என்ற பெயர் நம் வைரவர் மலைதான் என்பது மட்டும் தெளிவு.

மலபார் வீதியில் நிற்கும்போது எனக்கு எப்போதும் தோன்றும் எண்ணம் ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரு கூட்டத்தைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிப் பத்து ஆண்டு கடக்கும் முன்பே, அதே ஆட்சியின் கீழ் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கி, அதே தென்னிந்தியாவிலிருந்து வேறொரு கூட்டம் வரத் தொடங்கியது. முதலாமவர் பல்லக்கில் வந்தவர்கள். இரண்டாமவர் நடந்து வந்தவர்கள். அந்த இரண்டாவது கூட்டம் நாம்.

அவர்கள் நடந்து வந்த வழிதான் என் பட்டியலில் முதலிடம் பெறும் திருகோணமலை வீதி. மன்னார்க் கரையில் இறங்கி, வடக்கின் வறண்ட காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதும், வாந்திபேதியிலும் பெரியம்மையிலும் பசியிலும் பெருந்தொகையானோர் வழியிலேயே இறந்தார்கள் என்பதும் நன்கு பதிவாகியுள்ள செய்திகள். மாத்தளைக்குப் பிறகு நான் சொல்வது நிலத்தைப் படித்தவனின் ஊகம். மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் சுமார் 26 கிலோமீட்டர். அங்கிருந்து கம்பளைக்கும் புசல்லாவைக்கும் அதற்கு அப்பாலும் போக வேண்டியவர்கள் கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, மஹியாவ மேட்டில் ஏறி, இந்தத் தெரு வழியாகக் கண்டிக்குள் இறங்கியிருப்பார்கள். மலைகளுக்கு நடுவே சுமையும் பிள்ளைகளுமாக நடப்பவருக்கு இதைவிட இலகுவான வழி இல்லை. 1867இல் கொழும்பிலிருந்து ரயில் பாதை கண்டிக்கு வந்தது, 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்தது. அதற்குப் பிறகு கால்நடைப் பயணம் படிப்படியாக மறக்கப்பட்டது. தெரு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

இன்று அந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்று கேட்டால், மேல் பகுதியில் 1872இல் தொடங்கிய திரினிட்டி கல்லூரி இருக்கிறது. அதன் கல் தூண் ஆலயத்தில் டேவிட் பெயின்டர் வரைந்த சுவரோவியங்களில் இயேசு இந்த நாட்டின் மண்ணிலும் மரங்களுக்கு நடுவிலும் நிற்கிறார். பாடசாலை வளாகமாதலால் வாசலில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகலாம். விடுமுறை நாளில் கேட்பது நல்லது. கீழே வர வர மருந்துக்கடை, புத்தகக்கடை, சைவச் சாப்பாட்டுக் கடை, அரிசி மூட்டை இறக்கும் மொத்தக் கடை என்று தெரு நெருங்கிக்கொண்டே வந்து, குயின்ஸ் ஹோட்டல் மூலையில் ஏரியை நோக்கித் திறந்துகொள்கிறது. அந்தக் கடைசி இருபது அடியில் காற்று மாறுவதை உணர்வீர்கள். நடந்து களைத்து வந்த ஒருவருக்கு இவ்வளவு தண்ணீரை ஒரே பார்வையில் காண்பது என்னவாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

தெருவின் மேல் எல்லைக்கு அப்பால் வரும் மஹியாவ பற்றிச் சற்றுக் கவனமாக எழுத வேண்டும். நகரத்தைத் துப்புரவாக்கும் வேலைக்காக ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம் அது. லயத்தில் வளர்ந்த உங்களுக்கு அந்த வரிசை வீடுகளின் அமைப்பும் வாசலில் நீர் பிடித்து வைத்திருக்கும் பாத்திரங்களும் அறிமுகமானவையாக இருக்கும். பெரஹெர முடிந்த மறுநாள் காலையில் கண்டி சுத்தமாக விடிகிறதென்றால் அது இவர்களுடைய உழைப்பு. ஆனால் அது காட்சிப்பொருள் அல்ல. படம் எடுக்கும் எண்ணத்தோடு போக வேண்டாம். கோயிலுக்குப் போங்கள், கடையில் தேநீர் குடியுங்கள், பேச்சுக் கொடுத்தால் பேசுங்கள். அம்மா கூட இருந்தால் பேச்சு தானாகவே தோட்டத்தின் பெயரில் தொடங்கும்.

மேற்கே, மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து பேராதனை வீதியில் கட்டுக்கலை வரை நடப்பது அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற பாதை. ஏற்றம் அதிகமில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பலரும் ஆங்கிலேயர் கட்டியதென்று நினைக்கிறார்கள். விபத்தில் மகனை இழந்த ஒரு முஸ்லிம் வணிகர் அவனுடைய நினைவாகக் கட்டுவித்தது அது. பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களை வடிவமைத்த ஷேர்லி டி அல்விஸே இதையும் வடிவமைத்தார், 1950 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. கட்டுக்கலையில் செல்வ விநாயகர் ஆலயமும் ஜும்மாப் பள்ளிவாசலும் ஒரே வீதியில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நண்பகலை ஒட்டி அங்கே போனால் இரண்டு இடத்துக் கூட்டத்தையும் ஒருங்கே காணலாம்.

தெற்கே ஹந்தானை. பெரியாஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து ஏறும் இந்த வீதி சில நூறு மீட்டருக்குள் நகரத்தை உதறிவிட்டுத் தேயிலைக்குள் நுழைகிறது. அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்த நாட்களில் அண்ணாந்து பார்த்திருக்கக்கூடிய மலை இதுதான். மேலே, 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம் இயங்குகிறது. உலர்த்தும், அரைக்கும், சலிக்கும் பழைய இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் சம்பந்தப்பட்ட பொருட்களும் அங்கே உள்ளன. இயந்திரங்களின் கதையை அங்கே இருப்பவர்கள் நன்றாகச் சொல்வார்கள். கொழுந்துக் கூடையின் கதையை அம்மா சொல்ல நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது வண்டியில் ஏறி, திரும்பும்போது மட்டும் நடந்து இறங்கினால் போதும்.

ஏரியைச் சுற்றும் பாதை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருப்பதால் நான் சேர்ப்பது ஒன்றுதான்: கரையோரத்தில் மேக வடிவில் கட்டிய மேகச் சுவரிலுள்ள முக்கோண மாடங்கள் விளக்கேற்றுவதற்காக அமைந்தவை, சுவர் ஏரி முழுவதையும் சுற்றி முடியவில்லை. அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தேடிப் பாருங்கள். ஓர் அரசு நின்றுபோன இடம் அது. மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகலைக் காட்டுக்குப் போவதாக இருந்தால் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துப் போகச் சொல்லும் தேவை உங்களுக்கு இல்லை.

சில எச்சரிக்கைகள். நான் சொன்னதெல்லாம் காலை நடைக்கு உரியவை. இரவில் இந்தத் தெருக்கள் எப்படி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, எங்கள் வேலை வெளிச்சம் போனதும் முடிந்துவிடும். குன்றுகளுக்கு நடுவே கிடப்பதால் வாகனப் புகை இந்த ஊரை விட்டு எளிதில் வெளியேறாது. அம்மாவுக்கு இழுப்பு இருந்தால் பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வீதியோரம் நடக்க வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை நடப்பதற்குச் சிறந்த காலம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழையை எதிர்பார்த்து, பன்னிரண்டு மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள். கடைகளின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், நான் பழகிய கடைகளில் பாதி கைமாறிவிட்டன. பழைய சுவையை நம்பி உங்களை அனுப்புவது முறையல்ல.

மூன்று நாளில் மழை இரண்டைத் தின்றுவிட்டு ஒரே ஒரு காலை மட்டும் மிஞ்சினால் எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். கண்டி நிலையத்தில் மாத்தளை ரயிலில் ஏறுங்கள். 1880இல் திறந்த அந்தப் பாதையில் ரயில், வீட்டு வேலிகளையும் சமையலறைச் சாளரங்களையும் உரசுவதுபோல மெதுவாகப் போகும். அஸ்கிரியவைத் தாண்டி மஹியாவயில் இறங்கிக்கொள்ளுங்கள். ஓடும் ரயில்கள் குறைவு, ஆகவே முதல் நாளே நிலையத்தில் நேரத்தைக் கேட்டு வையுங்கள். தவறினால் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறி மஹியாவயில் இறங்கலாம். அங்கிருந்து நகரத்தை நோக்கி, சாலையின் போக்கிலேயே, திருகோணமலை வீதி வழியாகக் கீழே இறங்குங்கள். அம்மாவை முன்னால் நடக்க விடுங்கள். எங்கே நிற்க வேண்டும், எந்தக் கடையில் உட்கார வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஏரி தெரியும் மூலைக்கு வந்ததும், பாட்டி தாத்தா எந்த ஊரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.